முதலாம் பீப்பாவுக்கு ஊற்றிய தண்ணீர்

பிலோமினம்மா குடிக்கமாட்டார். சென்ற வாரம் அவரைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, "விஸ்கி காய்ச்சுகிற மனுசி குடிக்காமல் இருப்பாரா? கதை விடாதீர்கள்" என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். குடிக்கமாட்டார் ஐயா. அறுபத்திரண்டு வயதில் ஒரு துளி நாக்கில் பட்டதில்லை. மோந்துதான் பார்ப்பார்.

"நாக்கு ஆளைப் பார்த்துக் கதைக்கும். மூக்கு அப்பிடியில்லை" என்பது அவர் வாதம்.

அந்த மூக்கை நம்பித்தான் ஒரு குடும்பமே நிற்கிறது. கணவர் யேசுராசா, மகன் எறிக், மருமகள் நிரஞ்சினி. நாலு பேரும் அவுஸ்திரேலியாவில், நார்த்மீட்டில் ஒரே வீட்டில் இருந்து, ஒரே வான் வண்டியில் ஏறி, செவன் ஹில்ஸ் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறார்கள். கண்ணாடி வெட்டுகிற கடைக்கும் ஜிம்முக்கும் நடுவில் இருக்கிற ஒன்பதாம் இலக்கக் கொட்டகைதான் அவர்களுடைய 'யுனிற் நைன்'. பெயருக்காக யாரும் மூளையைக் கசக்கவில்லை. கதவில் என்ன இருந்ததோ அதுவே போத்தலிலும் ஏறியது.

இன்று சனிக்கிழமை. பின்னேரம் மூன்று மணிக்கு முதலாம் பீப்பாவைச் சபைக்குக் கொண்டுவருகிறார்கள். பதினொரு வருடத்துக்கு முன் இந்தக் குடும்பம் முதன்முதலாக நிரப்பி மூடி, மூலையில் உருட்டி வைத்த பீப்பா. அதிலிருந்து நிரப்பிய போத்தலின் லேபிளில், யுனிற் நைனின் வரலாற்றிலேயே முதல் தடவையாக, ஒரு ஆளின் பெயர் அச்சாகியிருக்கிறது.

'கலந்தவர்: நிரஞ்சினி.'

இதற்காகத்தானே அந்தப் பெண் ஆஸ்பத்திரி ஆய்வுகூட வேலையை விட்டுவிட்டு வந்தாள்! "ஏன் பிள்ளை படிச்ச படிப்பைக் கொண்டுபோய்ச் சாராயத்துக்குள்ள ஊத்துறாய்?" என்று ஸ்ட்ராத்ஃபீல்டில் இருக்கிற அவளுடைய தாய் இரண்டு வருடமாக அழுகிறார். இன்றைக்கு அந்தத் தாயும் வருகிறார். வந்து, மகளின் பெயரைப் போத்தலில் பார்க்கப்போகிறார்.

காலையில் கொட்டகையைத் திறக்கும்போது நிரஞ்சினிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான்.

எட்டு மணிக்கு மாமனாரின் குரல் கேட்டது.

"பிள்ளை, இஞ்ச ஒருக்கா வா. இந்த ட்ரம்முக்குள்ள இருந்த தண்ணி எங்க?"

யேசுராசா கழுவுகிற இடத்தில் நின்றார். முன்னால் அறுபது லீற்றர் நீல நிற ட்ரம் ஒன்று வெறுமையாக இருந்தது. அதன் கழுத்தில் ஒரு வெள்ளை றிபன், கொஞ்சம் அழுக்காகித் தொங்கியது.

"அது முதலாம் பீப்பாவுக்கு ஊத்தினது மாமா. ஏன்?"

யேசுராசா பக்கத்தில் கிடந்த பெட்டியின்மேல் மெல்ல உட்கார்ந்தார்.

"யேசுவே! இது கோயிலுக்குப் போன ட்ரம்மெல்லோ. மந்திரிச்ச தண்ணியெல்லோ பிள்ளை!"

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இரண்டு கிழமைக்கு முன் உயிர்த்த ஞாயிறு. அதற்கு முதல் நாள் இவர்களுடைய கோயிலில், அதாவது சேர்ச்சில், பாஸ்கா வழிபாட்டின்போது பங்குத்தந்தை நிறையத் தண்ணீரை மந்திரிப்பார். சனங்கள் போத்தலில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். அதற்கு வருடாவருடம் ட்ரம் கொடுக்கிறது யுனிற் நைன்தான். பிலோமினம்மா தன் கையால் வெள்ளை றிபன் கட்டி அனுப்புவார். பெருநாள் முடிந்து திங்கட்கிழமை எறிக் போய் ட்ரம்மைத் திரும்ப எடுத்து வருவான்.

இன்னொன்றும் தெரியவேண்டும். பதினொரு வருடம் மரத்துக்குள் கிடந்ததை அப்படியே குடிக்க முடியாது. தொண்டை பற்றி எரியும். வடிகட்டிய நல்ல தண்ணீரைச் சிறுகச் சிறுக ஊற்றி, ஆறவிட்டு, திரும்ப ஊற்றி, பதத்துக்கு இறக்கவேண்டும். உயிர்த்த ஞாயிற்றுக்குப் பிந்தின செவ்வாய்க்கிழமை நிரஞ்சினி அதைத்தான் செய்தாள். சுவரோரம் நிரம்பி நின்ற ட்ரம்மைத் திறந்தாள். றிபனைக் கண்டாள். பெருநாள் அலங்காரம் என்று நினைத்தாள். அவள் சைவப் பிள்ளை. பாஸ்காச் சனிக்கிழமை தாயைக் கூட்டிக்கொண்டு ஹெலன்ஸ்பர்க் கோவிலுக்குப் போயிருந்தவள். ட்ரம் போனதும் வந்ததும் அவளுக்கு எப்படித் தெரியும்?

இருநூற்றுப் பதினெட்டுப் போத்தல். எல்லாவற்றுக்கும் மூடி இறுக்கி, லேபிள் ஒட்டி, மேசையில் அடுக்கியாயிற்று.

எறிக் வந்தான். விஷயத்தைக் கேட்டான். கணநேரம் அந்த றிபனைப் பார்த்தான். பிறகு தோளைக் குலுக்கினான்.

"சோ வாட்? தண்ணி தண்ணிதானே அப்பா. ஆருக்குத் தெரியப்போகுது? மூண்டு மணிக்கு டங்கன் வாறார். மெல்பேர்ணில இருந்து இதுக்கெண்டே வாறார். அவர் எடுத்தால் அவுஸ்திரேலியா முழுக்க எங்கட போத்தல் போகும்."

"மந்திரிச்சதை விக்கிறது பாவமடா."

சொன்னது பிலோமினம்மா. பின்பக்க வாசலால் எப்போது வந்தாரோ தெரியாது. குள்ளமான மனுசி. கையில் வழக்கம்போல நறுக்கின இஞ்சித் துண்டு. மூக்கு களைத்துப் போனால் அதைத்தான் மோந்து திருத்திக்கொள்வார்.

"ஒரு கிளாஸ் ஊத்திக்கொண்டு வா பிள்ளை."

நிரஞ்சினி ஊற்றிக் கொடுத்தாள். பிலோமினம்மா கண்ணை மூடி மோந்தார். ஒருதரம். இஞ்சி. பிறகு இன்னொருதரம். கண்ணைத் திறந்தார். கிளாஸைப் பெட்டியின்மேல் வைத்தார். மகனைப் பார்த்தார்.

"எறிக், கோயில்ல இருந்து ட்ரம்மை நீதானே எடுத்துக்கொண்டு வந்தனீ?"

"ஓம் அம்மா."

"ரெண்டையும்?"

"ஓமோம். திங்கட்கிழமை பின்னேரம் போய் எடுத்தனான். மற்றது வீட்டுக் கராஜ்ஜில நிக்குது."

"சரி" என்றார் பிலோமினம்மா.

அந்தச் 'சரி'க்கு என்ன அர்த்தம் என்று நிரஞ்சினிக்குப் புரியவில்லை.

"அப்ப விக்கேலாது எண்டால் ஊத்துறதே?" என்று யேசுராசா தலையில் கை வைத்தார். "கழிவுக் கானுக்குள்ள விடவும் கூடாது. மண்ணிலதான் விடவேணும்."

செவன் ஹில்ஸ் தொழிற்பேட்டையில் மண்ணுக்கு எங்கே போவது? கண்ணுக்கெட்டிய தூரம் கொங்கிறீற்.

எறிக் குரலைத் தாழ்த்திக்கொண்டு சமாதானத்துக்கு வந்தான். பொல்லாத சமாதானம்.

"இங்க பாருங்கோ. நிராவில பிழை சொல்லாதேங்கோ. அவ வேதக்காரி இல்லைத்தானே. எங்கட முறையள் அவவுக்குத் தெரியாது. இப்ப என்ன, போத்தலில அவவின்ர பேர் இல்லாமல் விடுவம். லேபிளை உரிச்சுப்போட்டு வேற ஒண்டை ஒட்டுவம். டங்கனுக்கு நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறன்."

யாரும் பிழை சொல்லவில்லை. பிழை என்ற சொல்லையே முதலில் எடுத்தது அவன்தான்.

நிரஞ்சினி கணவனைப் பார்த்தாள். ஆறு வருடத்துக்கு முன், இரண்டு வீட்டாரும் முறுக்கிக்கொண்டு நின்றபோது, "எனக்குக் கோயிலும் ஒண்டுதான், சேர்ச்சும் ஒண்டுதான்" என்று சொல்லி அவள் கையைப் பிடித்தவன் இவன்.

அவள் பீப்பா வரிசைக்குள் நடந்தாள்.

*

அழவேண்டுமென்றால் யுனிற் நைனில் அதுதான் இடம். நாற்பது பீப்பா. கூரை வெக்கையில் எல்லாம் லேசாகக் கசிந்து வாசம் விடும். வனிலாவும் கருகின சீனியும் கலந்த வாசம்.

நன்றாக அழுதாள். மூக்கைத் துடைத்தபோது எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த பழைய படம் கண்ணில் பட்டது. வெள்ளைத் தொப்பி போட்ட பிலோமினம்மா, கோர்ன் ஃபிளேக்ஸ் தொழிற்சாலை வாசலில். அந்தக் கதையை அவளுக்கு யேசுராசா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டிருக்கிறாள்.

பதினேழு வருடம் பிலோமினம்மா அங்கே நின்றார். வந்த புதிதில் பெட்டி அடுக்குகிற வேலை. ஒருநாள் மேலதிகாரியிடம் போய், "மூண்டாம் தாங்கியில சோளம் பூசணம் பிடிச்சிட்டுது" என்று தெரிந்த இங்கிலீஷில் சொன்னார். சிரித்தார்கள். அடுத்த நாள் தாங்கியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள். பெட்டி அடுக்கினவர் தரம் பார்க்கிற அறைக்குப் போனார்.

பிறகு ஒருநாள் யாரோ வேலையை விட்டுப் போகிறார் என்று பிரியாவிடை. மேசையில் பேர்பன் என்கிற அமெரிக்க விஸ்கிப் போத்தல் ஒன்று. எல்லோரும் குடித்தார்கள். இவர் மூடியைத் திறந்து மோந்துவிட்டு, "இது எங்கட சோளமெல்லோ! கருகின பலகைக்குள்ள படுத்து எழும்பியிருக்கு" என்றாராம். அவ்வளவுதான். தொழிலின் முழு இரகசியத்தையும் ஒரே மோப்பத்தில் பிடித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து யேசுராசாவைக் கேட்டார். அவர் பால் கொம்பனிகளுக்கு எவர்சில்வர் தாங்கி ஒட்டுகிற வெல்டர். "உங்களால ஒரு வாலை செய்யேலுமே?" என்று கேட்டார். சரக்கை ஆவியாக்கி வடிக்கிற வாலை. யாரோ கழித்துவிட்ட பால் தாங்கி ஒன்றைக் கொண்டுவந்து, மேலே செப்புத் தகட்டை வளைத்து ஒட்டி, எட்டு மாதத்தில் செய்து முடித்தார் மனுசன். இன்றைக்கும் அந்த வாலைதான் ஓடுகிறது. அதன் வயிற்றில் ஒரு பால் கொம்பனியின் முத்திரை அரைவாசி தெரியும்.

அனுமதி எடுத்துத் தொழில் தொடங்கினபோது ஸ்ட்ராத்ஃபீல்ட் கடைத்தெரு முழுக்க ஒரே கதை. "பிலோமினக்கா கசிப்புக் காய்ச்சுறாவாம்." கசிப்பு என்றால் கள்ளச் சாராயம். கள்ளம் இல்லை, காய்ச்சினது உண்மைதானே. முதலில் வந்தது பீப்பா காணாத 'வெள்ளைச் சோளம்'. ஆரம்பத்தில் வாங்கினதெல்லாம் வெள்ளைக்காரர்தான். பிறகு வந்தது 'நாலு வருசம்'. உட்பக்கம் சுட்டுக் கருக்கின புது ஓக் பீப்பாவில் கிடந்து பொன்னிறமாக வந்தது. அதற்கு நத்தார்ப் பண்டிகைக் காலத்தில் கசிப்புக் கதை சொன்னவர்களே வரிசையில் நின்றார்கள். பேர்பன் என்று எழுதத்தான் முடியாது, அந்தப் பெயர் அமெரிக்காக்காரரின் சொத்து. "பேரை அவையள் வைச்சிருக்கட்டும், ருசியை நாங்கள் எடுப்பம்" என்று 'சோள விஸ்கி' என்றே போட்டார் பிலோமினம்மா. அதற்குப் பிறகு ரை தானியம் சேர்த்துக் காரமாக ஒன்று. கடைசியாக நிரஞ்சினி வந்து பனங்கற்கண்டு போட்டுச் செய்த இனிப்பு மது. அது தலைமேல் வைத்துக் கொண்டாடப்பட்டது.

நிரஞ்சினி இந்த வீட்டில் வியந்தது மூக்கை மட்டுமல்ல. ஒரு தரம் வடித்து மிஞ்சின கழிவில் ஒரு பங்கை எடுத்து அடுத்த ஊறலுக்குள் விடவேண்டும். அமெரிக்காவில் இதற்குப் பெரிய பெயர் எல்லாம் உண்டு. பிலோமினம்மாவுக்கு அது, தோசை மாவில் பழைய மாவைக் கொஞ்சம் மிச்சம் பிடிப்பது. அந்தக் கைப்பழக்கத்தை அவருக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. பீப்பாவுக்குள்ளேயே வருடாவருடம் ஆவியாகக் குறைவதை எறிக் நட்டம் என்பான். அவரோ, "சம்மனசுகள் குடிச்சிட்டுதுகள். மேல இருக்கிறவைக்கும் ஒரு பங்கு போகட்டுமே" என்பார். பதினொரு வருடத்தில் முதலாம் பீப்பாவில் பாதிக்குக் கிட்ட அந்த வானதூதர்கள் குடித்திருந்தார்கள். மிஞ்சினதைத்தான் தன் கையில் தந்தார், வேதக்காரி இல்லாத தன் கையில்.

நிரஞ்சினி எழும்பினாள். முகத்தைக் கழுவினாள். நேராகக் குசினிப் பக்கம் போனாள். பிலோமினம்மா அங்கே பின்னேரத்துக்கு மீன் கட்லெட் உருட்டிக்கொண்டிருந்தார்.

"மாமி, ஒண்டு கேக்கட்டே?"

"கேள் பிள்ளை."

"ஹெலன்ஸ்பர்க்கில ஐயர் தீர்த்தம் தாறவர். அதுக்கு ஒருநாளும் விலை கேட்டதில்லை. கை நீட்டுற ஆக்களுக்கெல்லாம் ஊத்துவார். எங்கட ஆள், மற்ற ஆள் எண்டும் பார்க்கமாட்டார்." மூச்சு வாங்கினாள். "விக்கிறதுதானே பாவம். குடுக்கிறது பாவமில்லைத்தானே?"

கட்லெட் உருட்டின கை நின்றது.

"முழுக்கவோ?"

"முழுக்க. ஒரு வீட்டுக்கு ஒரு போத்தல். என்ர பேரை வேணுமெண்டால் எடுத்துவிடுங்கோ. மண்ணில மட்டும் ஊத்தாதேங்கோ மாமி. பதினொரு வருசம்!"

பெயரை எடுங்கள் என்று வாய் சொன்னது. நெஞ்சு சொல்லவில்லை.

பிலோமினம்மா கையைத் துடைத்தார்.

"நல்ல மூளை" என்றார். "போய்ச் சீலையை மாத்து. அம்மா வரப்போறா."

*

மூன்று மணிக்குக் கொட்டகை நிறைந்துவிட்டது. பங்குச் சனம், பழைய தொழிற்சாலைச் சிநேகிதிகள், பக்கத்துக் கண்ணாடிக் கடைக்காரர், முன்வரிசைக் கதிரையில் நிரஞ்சினியின் தாய். சாராயக் கடையில் வந்து உட்கார்ந்துவிட்டோமே என்று கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி இருந்தார்.

டங்கன் வந்தார். நெடுத்த மனிதர், நல்ல சிரிப்பு. எறிக் ஓடிப்போய்க் கை கொடுத்து எல்லோருக்கும் அறிமுகம் செய்தான்.

"இவர்தான் டங்கன். இண்டைக்குத்தான் முதல் தரம் எங்கட இடத்துக்கு வாறார்."

யுனிற் நைனுக்கு முதல் தரம் வருகிற எவரும் ஐந்து நிமிடத்தில் கேட்கிற கேள்வி, டொய்லெற் எங்கே என்பது. சோள மூட்டை அடுக்குக்குப் பின்னால் ஒளிந்திருக்கிற கதவு அது. பலகையும் இல்லை, அம்புக்குறியும் இல்லை. டங்கன் "எக்ஸ்கியூஸ் மீ" என்றார், மூட்டைகளைச் சுற்றி நேராகப் போனார், கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். அதை யாரும் கவனிக்கவில்லை. கட்லெட் தட்டுடன் நின்ற பிலோமினம்மாவைத் தவிர.

யேசுராசா முதல் போத்தலைத் திறந்தார். டங்கன் வாயில் வைத்தார். சிரிப்பு போய்விட்டது. கண்ணாடியைக் கழற்றினார். இன்னொரு மிடறு. பிறகு நிரஞ்சினி பக்கம் திரும்பினார்.

"யூ மேட் திஸ்?"

"வீ மேட் திஸ்" என்றாள் நிரஞ்சினி.

"எத்தனை போத்தல் இருக்கிறதோ அத்தனையும் எனக்கு வேண்டும்" என்றார் டங்கன் இங்கிலீஷில், சபைக்கே கேட்க. எறிக்கின் முகம் மலர்ந்தது.

பிலோமினம்மா ஒரு கதிரையைப் பிடித்து ஏறினார். ஏறினால்தான் அவர் தெரிவார்.

"திஸ் ஒன், நொட் ஃபோர் சேல்" என்றார். பிறகு தமிழுக்கு வந்தார். "இந்தப் பீப்பா விக்கிறதுக்கில்லை. இண்டைக்கு வந்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு போத்தல். மிச்சத்தை என்னோட பக்டரியில நிண்ட ஆக்கள், பங்கில இருக்கிற ஆக்கள், கசிப்பெண்டு கதைச்ச ஆக்கள் எல்லாருக்கும் நானே கொண்டுபோய்க் குடுப்பன். பதினொரு வருசம் நீங்களெல்லாம்தான் எங்களைத் தூக்கிவிட்டனீங்கள்."

சிரிப்பும் கைதட்டலும் எழுந்தன.

"இன்னும் முடியேல்லை. போத்தலில ஒரு பேர் இருக்கு. அந்தப் பேரை வடிவாப் பாருங்கோ. என்ர மூக்குக்குப் பிறகு இந்த வீட்டில இன்னொரு மூக்கு இருக்கு. அது என்ர மருமகளின்ர."

கொடுக்கிற போத்தல்களில் முதலாவதை அவர் வைத்தது நிரஞ்சினியின் தாயின் கையில். அந்த அம்மா கைப்பையை மடியில் விட்டுவிட்டு லேபிளை விரலால் தடவிப் படித்தார். இரண்டு தரம் படித்தார். பிறகு போத்தலைச் சேலைத் தலைப்பால் சுற்றிக்கொண்டார்.

நிரஞ்சினிக்கு அப்போது வந்த அழுகை வேறு அழுகை. மாமியாரை ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கவேண்டும் போலிருந்தது.

அந்த நேரம் பார்த்து அலுவலக அறையில் ஃபோன் அடித்தது.

*

"ஹலோ, நிரஞ்சினியே? நான் ஃபாதர் கதைக்கிறன். வரேலாமல் போச்சு, மன்னிக்கவேணும், ஒரு செத்த வீடு. விழா நல்லாப் போகுதே?"

"ஓம் ஃபாதர். நல்லாப் போகுது."

"சந்தோசம். ஒரு சின்ன விசயம். எறிக்கை மூண்டு தரம் கூப்பிட்டனான், எடுக்கேல்லை. உங்கட ட்ரம் ரெண்டும் இன்னும் இஞ்சதான் நிக்குது. தண்ணியும் கனக்க மிச்சம். வந்து எடுக்கச் சொல்லம்மா. நடைபாதையை அடைச்சுக்கொண்டு நிக்குது."

நிரஞ்சினி ஃபோனைக் காதிலிருந்து எடுக்க மறந்து நின்றாள்.

இரண்டு ட்ரம்மும் கோயிலில். அப்படியானால் தான் ஊற்றியது? வெறும் தண்ணீர். மந்திரிக்காத, யுனிற் நைனின் சொந்த வடிகட்டித் தண்ணீர். விற்றிருக்கலாம். காலையிலிருந்து அழுத அழுகை ஒன்றும் அழத் தேவையில்லை.

பீப்பா வரிசைக்குப் பின்னால் மாமியாரை மறித்தாள்.

"மாமி, கோயில்ல இருந்து ட்ரம் வரவேயில்லையாம். அது வெறும் தண்ணி!"

"தெரியும்" என்றார் பிலோமினம்மா.

"தெரியுமோ?"

"றிபன் கட்டினது நானெல்லோ. மூண்டு ட்ரம்முக்குக் கட்டினனான். ஃபாதர் ரெண்டு போதும் எண்டவர். மூண்டாவது இஞ்சதான் நிண்டது. திங்கட்கிழமை காலமை நான்தான் அதை நிரப்பி வைச்சனான். காலமை மோந்தும் பார்த்தனான். ஃபாதர் குழாய்த் தண்ணியில நிரப்புறவர், குளோரின் மணக்கும். கிளாசில ஒரு மணமும் இல்லை."

நிரஞ்சினிக்குக் கோபம் வந்தது. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மாமியாரிடம் வராத கோபம்.

"பிறகேன் மாமி பேசாமல் இருந்தனீங்கள்? என்னைக் காலமை முழுக்க அழ விட்டிட்டு! எல்லாருக்கும் முன்னால நான் பிழை செய்தவள் மாதிரி..."

"ஓம். அது என்ர பிழைதான்." பிலோமினம்மா மருமகளின் கையைப் பிடித்தார். இஞ்சி வாசம் அடித்த கை. "நான் உன்னைப் பார்க்கேல்லை பிள்ளை. அவனைப் பார்த்துக்கொண்டு நிண்டனான். ட்ரம் எடுக்கப் போகேல்லை எண்டு அவனுக்குத் தெரியும். அப்ப அந்தத் தண்ணி மந்திரிச்சதில்லை எண்டும் அவனுக்குத்தான் முதல் தெரியும். ஒரு சொல்லுச் சொன்னால் நீ தப்பியிருப்பாய். சொல்லுவான் சொல்லுவான் எண்டு பார்த்தனான். சொல்லேல்லை."

நிரஞ்சினிக்கு அவன் றிபனைப் பார்த்த அந்தக் கணநேரம் ஞாபகம் வந்தது.

"பேந்து நீ வந்து, குடுப்பம் எண்டாய். மந்திரிச்ச தண்ணியோ வெறும் தண்ணியோ, அது நல்ல கதையாப் பட்டுது. முதல் பிள்ளையை விலைக்கு விக்க எனக்கும் மனம் வரேல்லை. விக்கிறதுக்கில்லை எண்டதை இண்டைக்கு ஒருத்தருக்கு நல்லாக் கேக்கச் சொல்லவும் வேண்டியிருந்தது."

"ஆருக்கு?"

பிலோமினம்மா மூட்டை அடுக்கின் பக்கம் பார்த்தார்.

"டொய்லெற் எங்க எண்டு கேளாமல் போன மனுசனை இண்டைக்குத்தான் கண்டனான். முதல் தரம் வந்த ஆள் அப்பிடிப் போகாது" என்றார். "அந்தத் திங்கட்கிழமை பின்னேரம், நாங்கள் வீட்டில நிக்கேக்கை, எறிக் எத்தினை மணித்தியாலம் வெளியில நிண்டவன்?"

"நாலு."

"நான் கேட்டால் பொய் சொல்லுவான். காலமையும் ரெண்டு தரம் சொன்னவன். நீ கேள்."

சொல்லிவிட்டுக் கட்லெட் தட்டைத் தூக்கிக்கொண்டு சனத்துக்குள் போய்விட்டார்.

எறிக் அவளைத் தேடி வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. பின்னால் நாலு அடி தள்ளி டங்கன், கையில் காலிக் கிளாஸ்.

"நிரா, எங்க நிண்டனீர்? ஃபோட்டோ எடுக்கவேணும், வாரும். அம்மா குடுத்தால் குடுக்கட்டும், பரவாயில்லை. டங்கன் ஹாப்பி. இது ஒண்டும் முடியேல்லை, தெரியுமே?"

"ஃபாதர் ஃபோன் பண்ணினவர் எறிக்" என்றாள் அவள். "ட்ரம் ரெண்டையும் வந்து எடுக்கட்டாம்."

சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது. அதற்குப் பின்னால் ஆள் இல்லை.

"திங்கட்கிழமை எங்க போனனீங்கள்?"

எறிக் அவளைப் பார்க்கவில்லை. முதலில் திரும்பி டங்கனைத்தான் பார்த்தான்.